மண்ணுக்குள் வைக்கப்பட்ட குதிரைகள்: தாங் காலக் கல்லறைச் சிற்பங்களைச் சேகரிப்போரின் சங்கடம்

1989 டிசம்பரில் லண்டனில் நடந்த ஏலம் ஒன்றில், சுடுமண்ணால் செய்யப்பட்ட ஒரு குதிரைச் சிற்பம் 37 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்கு விலைபோனது. சீனக் கலைப்பொருள் ஒன்றுக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்திராத தொகை அது. அந்தக் குதிரையைச் செய்தவர்கள் அதை விற்பதற்காகவோ காட்சிக்கு வைப்பதற்காகவோ செய்யவில்லை. இறந்துபோன ஒருவரின் கல்லறைக்குள் வைத்து, வாயிலை அடைத்து, மேலே மண்ணை மூடிவிடுவதற்காகவே செய்தார்கள். ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் இருளில் இருந்த பிறகு அது வெளிச்சத்துக்கு வந்தது. எந்தக் கல்லறையிலிருந்து வந்தது, அங்கே புதைக்கப்பட்டவர் யார் என்பவை விலைப்பட்டியலில் இல்லை.

சீனாவில் கி.பி. 618 முதல் 907 வரை ஆண்ட தாங் அரசமரபின் காலத்தில் உருவான இத்தகைய மெருகூட்டிய சுடுமண் சிற்பங்கள் 'சான்சாய்' என்று அழைக்கப்படுகின்றன. மூன்று வண்ணம் என்பது அதன் பொருள். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றிலும், வசதி படைத்தோரின் வரவேற்பறைகள் சிலவற்றிலும் இவை இன்று நிற்கின்றன. ஆனால் இவற்றை வாங்க விரும்பும் எவரும் இரண்டு கேள்விகளைக் கடந்தாக வேண்டும். இது அசல்தானா? அசல் என்றால், மண்ணுக்குள்ளிருந்து எப்படி வெளியே வந்தது? முதல் கேள்விக்கு மகிழ்ச்சியான பதில் கிடைக்கும்போதுதான் இரண்டாவது கேள்வி கடினமாகிறது.

இறந்தவருக்கான பரிவாரம்

தாங் காலச் சீனர்கள் கல்லறையை இறந்தவர் தொடர்ந்து வாழும் வீடாகக் கருதினர். உயிருடன் இருந்தபோது அவருக்கு இருந்த குதிரைகள், ஒட்டகங்கள், பணியாளர்கள், இசைக் கலைஞர்கள், தானியக் களஞ்சியம் என அனைத்தும் அங்கேயும் வேண்டும். அவற்றின் சிறிய மண் வடிவங்கள் 'மிங்சி' எனப்பட்டன. வாழ்வோர் பயன்படுத்துவதற்கு அல்லாமல் ஆவிகளுக்கென்றே செய்யப்பட்ட பொருள்கள் என்று இதை விளக்கலாம்.

யாருக்கு எத்தனை உருவங்கள் என்பதை அரசே வகுத்திருந்தது. இந்தப் பொருள்களைச் செய்து தருவதற்கென்று தனி அரசு அலுவலகமும் இயங்கியது. மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகளுக்கு 90 பொருள்கள் வரை அனுமதிக்கப்பட்டன. ஒன்பதாம் நிலை அதிகாரிக்கு 40. ஈமச் சடங்குகளில் ஆடம்பரம் எல்லை மீறியதால் 741-ஆம் ஆண்டு ஓர் ஆணை பிறந்தது. அதன்படி 90 என்பது 70 ஆகவும், 40 என்பது 20 ஆகவும் குறைக்கப்பட்டன. சாமானிய மக்களுக்கு 15 போதும் என்றும் அந்த ஆணை கூறியது. விதிகளை மக்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பது வேறு விஷயம். அகழாய்வில் வெளிப்பட்ட பல கல்லறைகளில் அனுமதிக்கப்பட்டதைவிட மிகப் பெரிய உருவங்களே இருந்தன.

பரிவாரத்தில் இந்திய வாசகருக்கு உடனே அடையாளம் தெரியும் உருவம் ஒன்று உண்டு. கவசம் அணிந்து, காளையையோ பூதத்தையோ காலடியில் மிதித்து நிற்கும் காவலன் அவன். பௌத்தத்துடன் இந்தியாவிலிருந்து சென்ற லோகபாலர், அதாவது திசைக் காவலரின் சீன வடிவம் அது. அறிஞர்களும் ஏலப் பட்டியல்களும் இன்றும் அதை 'லோகபால' என்ற சமஸ்கிருதப் பெயரிலேயே குறிப்பிடுகின்றன. அவனுடன், பாதி மனிதனும் பாதி விலங்குமாய்க் கல்லறையைக் காக்கும் மண் பூதங்கள் இரண்டு நிற்கும். ஒட்டகத்தின் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் தாடிக்காரப் பணியாளர் பெரும்பாலும் மத்திய ஆசியாவின் சோக்தியர். பட்டுப் பாதையில் வணிகம் செய்தவர்கள் அவர்கள். தலைநகர் சாங்ஆனின் தெருக்களில் நடமாடிய உலகம் முழுவதும் அந்த மண் பரிவாரத்தில் இருக்கிறது.

ஈயம், செம்பு, இரும்பு

இந்தச் சிற்பங்களின் அழகு அவற்றின் மெருகுப் பூச்சில் உள்ளது. வெண்ணிறக் களிமண்ணை இரண்டு பாதி அச்சுகளில் அழுத்தி எடுத்து, களிமண் குழம்பால் ஒட்டி, முதலில் ஏறத்தாழ 1,000 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டனர். பிறகு ஈயம் கலந்த மெருகைப் பூசி, 800 முதல் 900 டிகிரி வரையிலான வெப்பத்தில் மீண்டும் சூளையில் வைத்தனர். ஈயம் மெருகைக் குறைந்த வெப்பத்திலேயே உருக வைக்கிறது. செம்பு பச்சை நிறத்தையும், இரும்பு தேன் நிறம் முதல் பழுப்பு வரையிலான நிறங்களையும் தருகின்றன. எதுவும் சேர்க்காத மெருகு வெளிர் மஞ்சளாக நிற்கும். நீல நிறத்துக்குக் கோபால்ட் தேவை. அது அரிதாகவே பயன்பட்டது. ஆகவே நீலம் உள்ள சிற்பங்களுக்கு இன்றும் மதிப்பு அதிகம்.

உருகும் ஈய மெருகு ஓரிடத்தில் நிற்காது. குதிரையின் முதுகிலிருந்து வயிற்றுக்கும், ஒட்டகத்தின் கழுத்திலிருந்து மார்புக்கும் வழிந்து, ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கும். கைவினைஞர்கள் இந்த வழிதலைத் தடுக்காமல் அழகாக்கிக் கொண்டனர். முகத்தில் மட்டும் அதை அனுமதிக்கவில்லை. மனித உருவங்களின் முகங்களுக்குப் பெரும்பாலும் மெருகு பூசப்படவில்லை. சுட்டு முடித்த பிறகு தூரிகையால் கண், புருவம், உதடு ஆகியவற்றை வரைந்தனர். அந்த வண்ணங்கள் சுடப்படாதவை என்பதால் எளிதில் உதிர்ந்துவிடும். இன்று பல முகங்கள் வெறுமையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

ஹெனான் மாநிலத்தின் கோங்யி பகுதியிலும், ஷியானுக்கு வடக்கே தோங்சுவான் பகுதியிலும் இவற்றைச் சுட்ட சூளைகள் கண்டறியப்பட்டுள்ளன. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 8-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையே இக்கலையின் உச்சம். 755-இல் வெடித்த ஆன் லூஷான் கிளர்ச்சி பேரரசை உலுக்கியது. பெரிய அளவிலான மெருகூட்டிய பரிவாரங்கள் அதன் பிறகு கல்லறைகளில் அரிதாகிவிட்டன. சந்தையில் நாம் காணும் சிறந்த குதிரைகளும் ஒட்டகங்களும் ஏறத்தாழ இரண்டு மூன்று தலைமுறைக் காலத்தில் உருவானவை.

ரயில் பாதைக்காகத் தோண்டியபோது

பல நூற்றாண்டுகள் சீனாவிலேயே இவற்றை யாரும் சேகரிக்கவில்லை. பழைய வெண்கலப் பாத்திரங்கள், ஓவியங்கள், அரண்மனைப் பீங்கான்கள் ஆகியவற்றுக்குப் பெரும் மதிப்பளித்த சீனச் சேகரிப்பாளர்கள், இந்த மண் உருவங்களை வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கினர். கல்லறைக்குள் இருந்தது வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை இன்றும் முழுமையாக மறையவில்லை.

இதற்கு மறைமுகமான சான்று ஒன்று உள்ளது. ஷியானுக்கு அருகே, 706-இல் மீண்டும் அடக்கம் செய்யப்பட்ட இளவரசி யோங்தாயின் கல்லறை 1960-களின் தொடக்கத்தில் அகழப்பட்டது. பண்டைக் காலத்திலேயே அது கொள்ளையடிக்கப்பட்டிருந்தது. பொன்னும் வெள்ளியும் போய்விட்டன. நூற்றுக்கணக்கான மண் உருவங்களோ அங்கேயே கிடந்தன. அந்தத் திருடர்களுக்கு மண் குதிரையால் எந்தப் பயனும் இல்லை. அதை வாங்குவதற்கு அன்று யாரும் இல்லை.

நிலைமையை மாற்றியது ஒரு ரயில் பாதை. 1905-க்கும் 1909-க்கும் இடையில் கைஃபெங் நகரையும் லுவோயாங் நகரையும் இணைக்கும் பாதை அமைக்கப்பட்டபோது, லுவோயாங்குக்கு வடக்கே உள்ள மாங்ஷான் குன்றுகளின் வழியாக மண் வெட்டப்பட்டது. புதைக்கப்படுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று சீனப் பழமொழியே சொல்லும் அளவுக்குப் பல அரசமரபுகளின் கல்லறைகள் நெருக்கமாக அமைந்த இடம் அது. வெட்டிய இடமெல்லாம் மண் உருவங்கள் வெளிப்பட்டன. தீய சகுனம் என்று தொழிலாளர்கள் பலவற்றை உடைத்தெறிந்தார்கள். எஞ்சியவை பெய்ஜிங்கின் பழம்பொருள் கடைத்தெருவான லியூலிசாங்குக்கு வந்து சேர்ந்தன. அங்கே அவற்றின் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் லுவோ சென்யு, வாங் குவோவெய் என்ற இரு அறிஞர்கள் முக்கியமானவர்கள். லுவோ அவற்றை வாங்கினார், எழுதினார், 1916-இல் படத்தொகுப்பாகவும் வெளியிட்டார்.

ஒரு ரயில் பாதையால் வெளிவந்த வகையைச் சேர்ந்த சிற்பம், தொடக்கத்தில் குறிப்பிட்ட 1989 ஏலத்தில் சாதனை விலையை எட்டியபோது, அதை விற்றது பிரிட்டிஷ் ரயில்வேயின் ஓய்வூதிய நிதியம் என்பது ஒரு தற்செயல். பணவீக்கத்திலிருந்து ஊழியர்களின் சேமிப்பைக் காக்க, 1970-களில் அந்த நிதியம் கலைப்பொருள்களில் முதலீடு செய்திருந்தது.

வெளிநாட்டுத் தேவை 1910-களிலிருந்து வேகமாக வளர்ந்தது. லண்டனில் ஜார்ஜ் யூமோர்ஃபோபுலோஸ் என்ற வணிகர் முன்னணிச் சேகரிப்பாளரானார். கிரேக்க வம்சாவளியினரான அவர், இந்தியாவில் சணல், பருத்தி வணிகத்தால் பெயர் பெற்ற ராலி பிரதர்ஸ் நிறுவனத்தில் உயர் பதவி வகித்தவர். கல்லறைச் சிற்பங்களை ஐரோப்பியர் கலையாகப் பார்க்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1930-களின் நடுவில் அவருடைய தொகுப்பின் பெரும்பகுதியைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் சேர்ந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கின. சந்தை மதிப்பைவிட அது மிகக் குறைவு.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்று அணிவகுத்து நிற்கும் புகழ்பெற்ற பரிவாரம் அந்தத் தொகுப்பிலிருந்து வந்ததே. 728-இல் இறந்த லியூ திங்ஷுன் என்ற படைத்தலைவரின் கல்லறையைச் சேர்ந்ததாக அது கருதப்படுகிறது. அவற்றில் பெரியவை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். 'கருதப்படுகிறது' என்ற சொல் இங்கே முக்கியமானது. அந்தக் கல்லறையை எந்த ஆய்வாளரும் அகழவில்லை. சிற்பங்கள் வணிகர்களின் கைமாறியே லண்டன் வந்தன.

இடத்தோடு கிடைத்தால் என்ன தெரியும்?

அதே காலத்தைச் சேர்ந்த மற்றொரு சிற்பத்துடன் இதை ஒப்பிடலாம். 1957-இல் ஷியானில், 723-இல் இறந்த ஷியான்யூ திங்ஹுய் என்ற படைத்தலைவரின் கல்லறை முறையாக அகழப்பட்டது. அதில் ஓர் ஒட்டகம் கிடைத்தது. அதன் முதுகில் மேடை அமைத்து இசைக் கலைஞர்களை அமர்த்தியிருந்தார்கள். 58 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தச் சிற்பம் தற்போது பெய்ஜிங்கில் சீன தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. உடன் கிடைத்த கல்வெட்டால் உரியவரின் பெயர், பதவி, இறந்த ஆண்டு ஆகியவை தெரிந்தன. மெருகில் நீலம் எந்த ஆண்டுக்குள் வந்துவிட்டது, எந்தத் தகுதியினருக்கு எவ்வளவு பெரிய உருவம் கிடைத்தது என்பன போன்ற கேள்விகளுக்கு இத்தகைய கல்லறைகளே விடை தருகின்றன. ஏலக்கூடத்தில் நிற்கும் குதிரையின் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இவற்றோடுதான்.

இன்னும் வியப்பான சான்று சீனாவின் மேற்கு எல்லையில், துர்ஃபான் அருகே உள்ள அஸ்தானா இடுகாட்டில் 1973-இல் கிடைத்தது. மழையே இல்லாத அந்த மணல்வெளியில் பட்டு, காகிதம், உணவு எல்லாமே அழியாமல் இருந்தன. அங்கே ஒரு கல்லறையிலிருந்த பெண் பொம்மைகளுக்குப் பட்டாடை அணிவித்திருந்தார்கள். அவற்றின் கைகள் பழைய காகிதத்தை முறுக்கிச் செய்யப்பட்டவை. காகிதத்தைப் பிரித்துப் படித்தபோது, அவை தலைநகர் சாங்ஆனில் இருந்த ஓர் அடகுக் கடையின் சீட்டுகள் என்று தெரிந்தது. யார் எந்தத் துணியை எவ்வளவுக்கு அடகு வைத்தார்கள் என்ற விவரம் அதில் இருந்தது. அந்தப் பொம்மைகள் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் தலைநகரில் செய்யப்பட்டவை என்பதும் அதனால் புலனாயிற்று. இரவில் தோண்டி எடுத்து விற்பவர் கைக்குப் போயிருந்தால், கிழிந்த காகிதக் கைகள் முதலில் குப்பைக்குப் போயிருக்கும்.

இதே அஸ்தானா இடுகாட்டுக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் இந்திய அரசுக்காகப் பணிபுரிந்த ஆரல் ஸ்டெயின் தமது மூன்றாவது மத்திய ஆசியப் பயணத்தின்போது, 1915-இல் அங்கு அகழ்ந்தார். அந்தப் பயணத்தில் கிடைத்தவற்றில் பெரும்பகுதி இன்று புதுடெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் மத்திய ஆசியத் தொகுப்பில் உள்ளது. சேணம் பூட்டிய குதிரைகளும் அச்சுறுத்தும் மண் பூதமும் அதில் அடங்கும். இவை மெருகூட்டியவை அல்ல. களிமண்ணில் செய்து வண்ணம் தீட்டியவை. ஆனால் எந்தக் கல்லறையில் கிடைத்தது என்ற எண் ஒவ்வொன்றுக்கும் ஸ்டெயினின் பதிவுகளில் உண்டு. அவர் சீனாவிலிருந்து பொருள்களைக் கொண்டுவந்த விதம் குறித்துச் சீனா கடும் விமர்சனம் வைத்திருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அசலா, போலியா?

விலை உயர்ந்த நாளிலிருந்தே போலிகளும் பிறந்தன. மாங்ஷானில் உருவங்கள் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே லுவோயாங் பகுதி கிராமத்தார் உடைந்தவற்றைச் சீர்படுத்தத் தொடங்கினர். சீர்படுத்தக் கற்ற கை புதிதாகச் செய்யவும் கற்றது. அதே களிமண், அதே ஈயம், அதே மாதிரி அச்சு என்பதால் வேறுபாடு காண்பது எளிதன்று.

1990-களின் நடுப்பகுதியில் பெய்ஜிங்கின் பான்ஜியாயுவான் பழம்பொருள் சந்தையில், தாங் காலத்துக்கு முந்தைய வடக்கு வெய் அரசமரபின் கல்லறை உருவங்கள் திடீரெனத் திரளாக வந்தன. அரிய பொருள்கள் சிதறிவிடக் கூடாதென அருங்காட்சியகங்களே அவற்றை வாங்கின. வாங்க வாங்க வரத்து நிற்கவில்லை. எங்கோ பெரிய கல்லறை கொள்ளை போகிறது என்ற ஐயத்தில் விசாரித்தபோது, அவை லுவோயாங் அருகே ஒரு கிராமத்தில் செய்யப்படுவது தெரியவந்தது. வாழ்நாள் முழுவதும் இத்துறையில் கழித்த நிபுணர்களின் கண்ணையே அவை ஏமாற்றியிருந்தன.

அனுபவமுள்ளவர்கள் பார்க்கும் அடையாளங்கள் சில உண்டு. பழைய ஈய மெருகில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வெடிப்புகள் வலைபோலப் பரவியிருக்கும். மண்ணின் ஈரத்தோடு நூற்றாண்டுகள் வினைபுரிந்ததால் பச்சை மெருகின் மேல் வானவில்லின் சாயல் படர்ந்திருக்கலாம். பூச்சு தீரும் விளிம்பில் வெண்களிமண் உலர்ந்து, மென்மையாகத் தெரியும். கால்களிலும் கழுத்திலும் பழைய முறிவுகள் இருப்பது இயல்பு. கல்லறைக் கூரை இடிந்து விழுந்தும், நீர் புகுந்தும் பெரும்பாலான சிற்பங்கள் உடைந்தே கிடைத்தன. முறிவே இல்லாத பெரிய குதிரை கிடைத்தால் மகிழ்வதைவிட ஐயுறுவதே நல்லது. எனினும் இவை எல்லாவற்றையும் அமிலத்தாலும் ஈர மண்ணாலும் சில வாரங்களில் போலியாக உருவாக்க முடியும்.

எனவே வணிகம் அறிவியலை நாடியது. 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வகம் முன்னின்று வளர்த்த வெப்ப ஒளிர்வுச் சோதனை இதில் முக்கியமானது. களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் போன்ற படிகங்கள், சுற்றிலும் இயற்கையாக உள்ள கதிர்வீச்சின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேமிக்கின்றன. சூளையில் சுடும்போது அந்தச் சேமிப்பு முழுவதும் வெளியேறி, கணக்கு பூஜ்யத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. சிற்பத்தின் மறைவான இடத்தில் துளையிட்டுச் சிறிது பொடி எடுத்து, ஏறத்தாழ 500 டிகிரி வரை சூடாக்கினால், சேமிக்கப்பட்ட ஆற்றல் மங்கலான ஒளியாக வெளிப்படும். ஒளி எவ்வளவு என்பதைக் கொண்டு, கடைசியாகச் சுடப்பட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று கணக்கிடலாம். இதில் பிழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை இருக்கலாம். 8-ஆம் நூற்றாண்டா, 9-ஆம் நூற்றாண்டா என்று சொல்ல அது போதாது. 1,200 ஆண்டுப் பழமையா, 12 ஆண்டுப் புதுமையா என்று சொல்லப் போதும்.

போலி செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. சோதனைக்கு எங்கே துளையிடுவார்கள் என்று தெரிந்துகொண்டு, அடிப்பகுதியிலும் காலிலும் பழைய கல்லறைப் பாத்திரத் துண்டுகளைப் பொருத்தி, மற்றதைப் புதிதாகச் செய்கிறார்கள். செயற்கைக் கதிர்வீச்சால் வயதைக் கூட்டும் முயற்சிகளும் நடந்துள்ளன. உண்மையான இரண்டு மூன்று உடைந்த சிற்பங்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு புதிய 'முழு' சிற்பம் உருவாக்குவது இன்னொரு வழி. இதனால் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் துளையிடுவதும், உள்ளே உள்ள ஒட்டுகளைக் காண ஊடுகதிர்ப் படம் எடுப்பதும் வழக்கமாயின. சான்றிதழில் உள்ள புகைப்படமும் விற்பனைக்கு வந்த பொருளும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டிய நிலையும் உண்டு. உண்மையான சான்றிதழை வேறொரு குதிரையுடன் சேர்த்து விற்பது எளிது.

அசல் என்பதே சிக்கலாகும்போது

சோதனையில் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெருகின் இடுக்கில் கல்லறை மண் ஒட்டியிருக்கிறது, மரவேர்த் தடமும் தெரிகிறது. அது அசல்தான் என்று நம்ப இவை நல்ல காரணங்கள். அதே நேரத்தில் அண்மையில்தான் வெளியே எடுக்கப்பட்டது என்று ஐயுறவும் இவையே காரணங்கள். 1920-களில் ஐரோப்பா சென்ற குதிரையை இதற்குள் நாலைந்து உரிமையாளர்கள் துடைத்திருப்பார்கள். வெப்ப ஒளிர்வுச் சோதனையோ கடைசியாகச் சூளையில் இருந்த காலத்தைச் சொல்லுமே தவிர, கல்லறையிலிருந்து எடுத்த காலத்தைச் சொல்லாது.

மண்ணுக்கடியில் உள்ள தொல்பொருள்கள் அரசுக்கே சொந்தம் என்று சீனாவில் 1930-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1982-இல் வந்த பண்பாட்டுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. ஆனால் 1980-களிலும் 1990-களிலும் பொருளாதாரக் கதவுகள் திறந்தபோது கல்லறைக் கொள்ளை பெருகியது. திருடர்களின் முதன்மைக் கருவி 'லுவோயாங் மண்வாரி'. நீண்ட கழியின் முனையில் பாதிக் குழாய் வடிவ இரும்பு பொருத்தப்பட்டிருக்கும். ஆழமாக இறக்கித் தூக்கினால் உள்ளிருக்கும் மண் அடுக்கடுக்காக வரும். இடித்துக் கெட்டிப்படுத்திய மண் வந்தால் கீழே கல்லறை இருக்கிறது என்று பொருள். திருடர்கள் கண்டுபிடித்த இந்தக் கருவியை இன்று சீனத் தொல்லியலாளர்களும் பயன்படுத்துகிறார்கள். எடுக்கப்பட்டவை ஹாங்காங் சென்று, அங்கே ஹாலிவுட் சாலையின் கடைகளில் வெளிப்படையாகவே விற்பனைக்கு வந்தன. சந்தையில் வரத்து பெருகவே சாதாரணக் குதிரைகளின் விலை சரிந்தது. 1989-இல் உச்சம் தொட்ட வகை, பின்னர் அரண்மனைப் பீங்கான்களின் விலை உயர்வுக்கு ஈடுகொடுக்கவில்லை. 2014-இல் மிங் காலத்துச் சிறு கோப்பை ஒன்று ஹாங்காங்கில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கும் அதிகமாக விலைபோனது. புதிய சீனச் செல்வந்தர்கள் பீங்கானையே நாடினர். கல்லறைப் பொருளை வீட்டில் வைக்கும் தயக்கமும், பிற்காலத்தில் தோண்டியெடுத்தவற்றைத் தம் நாட்டில் விற்க இயலாத சட்டமும் அதற்குக் காரணங்கள்.

திருட்டுப் பொருள் பிடிபட்ட நிகழ்வுகளும் உண்டு. ஷியான் அருகே ஹான் காலத்துப் பேரரசி தோவின் கல்லறையிலிருந்து திருடப்பட்ட ஆறு மண் உருவங்கள் 2002-இல் நியூயார்க் ஏலத்துக்கு வந்தன. ஏலம் தொடங்கச் சிறிது நேரமே இருந்தபோது அவை விலக்கப்பட்டு, 2003-இல் சீனாவுக்குத் திரும்பின. 10-ஆம் நூற்றாண்டின் வாங் சூஷி கல்லறைச் சுவரிலிருந்து 1994-இல் பெயர்த்தெடுக்கப்பட்ட காவலர் சிற்பம், 2000-இல் ஏலப் பட்டியலில் அச்சான படத்தால் அடையாளம் காணப்பட்டு, மறு ஆண்டு மீட்கப்பட்டது. 2019-இல் இத்தாலி ஒரே நேரத்தில் 796 தொல்பொருள்களைச் சீனாவிடம் ஒப்படைத்தது. இவ்வாறு பிடிபடுவதற்கு, அது எங்கிருந்து திருடப்பட்டது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். யாருமே அறியாத ஒரு கல்லறையிலிருந்து இரவில் எடுக்கப்பட்ட குதிரைக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

காகிதத்தின் விலை

இதனால்தான் இன்றைய சந்தையில் மெருகுக்கு இணையாக, சில வேளைகளில் அதற்கும் மேலாக, பழைய காகிதத்துக்கு மதிப்பு கூடியுள்ளது. பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-இல் உருவானது. இந்தியா 1977-இலும் சீனா 1989-இலும் அதில் இணைந்தன. அருங்காட்சியகங்கள் பலவும் அந்த 1970-ஐயே எல்லைக்கோடாகக் கொள்கின்றன. அதற்கு முன்பே பொருள் சீனாவை விட்டு வெளியேறியதற்கு ஆதாரம் கேட்கின்றன. பழைய கடை ரசீது, கண்காட்சிப் பட்டியலில் அச்சான படம், 1935-36-இல் லண்டனில் நடந்த சீனக் கலைக் கண்காட்சியில் இடம்பெற்ற குறிப்பு போன்ற ஏதாவது ஒன்று தேவை. 'ஐரோப்பியத் தனியார் தொகுப்பு' என்ற ஒற்றை வரி ஒரு காலத்தில் போதுமானதாக இருந்தது. இப்போது அது கேள்வியைத் தொடங்கி வைக்கிறது.

அமெரிக்கா ஒரு படி மேலே சென்றது. 2009 ஜனவரியில் சீனாவுடன் செய்த உடன்பாட்டின்படி, தாங் காலத்தின் முடிவு வரையிலான சீனத் தொல்பொருள்களை அங்கே இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உள்ளது. சீன அரசின் ஏற்றுமதி அனுமதியோ, கட்டுப்பாடு வருவதற்கு முன்பே அது சீனாவை விட்டு வெளியேறியதற்கான ஆதாரமோ வேண்டும். அந்த உடன்பாடு பலமுறை நீட்டிக்கப்பட்டுள்ளது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் பிற்பகுதி புதிதல்ல. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர், 2008-இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டதும் போலி ஆவணங்களின் துணையோடுதான். பழைய புகைப்படம் திருட்டை நிரூபித்தது; 2014-இல் சிலை திரும்பியது. கோயில் சிலைக்கு ஊரே சாட்சி, புகைப்படமும் உண்டு. மாங்ஷான் குதிரைக்கு அந்தச் சாட்சி கிடையாது. அதை வைத்தவர்கள் யாரும் பார்க்கக் கூடாது என்றே மண்ணை மூடினார்கள்.

சான்சாய் மீது ஆர்வம் கொண்டு, ஆவணமில்லாத அசலை வாங்கத் தயங்குபவர்களுக்கு லுவோயாங் அருகே உள்ள நான்ஷிஷான் கிராமம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. போலிகளால் அறியப்பட்ட பகுதியிலேயே இன்று கைவினைஞர்கள் நகல்களை நகல் என்றே சொல்லி விற்கிறார்கள். இந்தச் சிற்பங்களைச் சுடும் கலையை 2008-இல் சீன அரசு தேசியப் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. பழைய முறையிலேயே அச்சில் எடுத்து, இருமுறை சுட்டு, மெருகை வழியவிட்டு உருவாக்கும் குதிரைகள் அங்கே ரசீதுடன் கிடைக்கின்றன. ஈய மெருகு பூசிய பாத்திரங்களையும் அங்கே வாங்கலாம். அவற்றில் உணவு மட்டும் வைக்கக் கூடாது.